தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது? ஈல் ஆற்றுப் பாசியும் உங்கள் நாயும்

வாசகர் கடிதம்: "நாங்கள் கலிஃபோர்னியாவில் சான் ஹோசேயில் இருக்கிறோம். கோடையில் குடும்பத்தோடு வடக்கே ரெட்வுட் காடுகளுக்குப் போய் ஈல் ஆற்றின் தென்கிளைக் கரையில் கூடாரம் போட்டுத் தங்குவது வழக்கம். போன ஆகஸ்டில் அங்கே நச்சுப் பாசி இருப்பதாகவும், நாய்களை ஆற்றில் விட வேண்டாம் என்றும் எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தார்கள். தண்ணீரோ அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம் போலத் தெளிவு. பலகையைப் பார்ப்பதற்குள் எங்கள் லாப்ரடார் இறங்கி, கல்லில் இருந்த கறுப்புப் பாசியைக் கவ்வி விளையாடிவிட்டது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் என் அப்பா, 'ஓடுற தண்ணியில என்னம்மா விஷம் தங்கும்?' என்கிறார். என் கணவர் இணையத்தில் ஒரு சோதனைப் பட்டையும், பாசியை ஒழிக்கும் நல்ல பாக்டீரியா என்று ஒரு பொடியும் பார்த்து வைத்திருக்கிறார். இந்த ஆகஸ்டிலும் போக ஆசை. நாலு வயது மகனும் வருவான். அந்தப் பலகை சும்மா பயமுறுத்துவதா? சாதாரணப் பாசிக்கு எப்படி இவ்வளவு விஷம் வரும்?"

அன்புள்ள சகோதரிக்கு,

பலகை சும்மா பயமுறுத்தவில்லை. உங்கள் நாய் கவ்விய துண்டில் நச்சு இல்லாமல் இருந்திருக்கும், அல்லது மிகக் கொஞ்சமாக இருந்திருக்கும். அவ்வளவுதான் விஷயம். அதே மடுவில் நாலடி தள்ளியிருந்த கல்லில் வாய் வைத்திருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்கும் கடிதமே வேறாக இருந்திருக்கும். ஆகவே முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் போவதானால் நாயை யாரிடமாவது விட்டுவிட்டுப் போங்கள். அது வந்தே ஆக வேண்டும் என்றால் பயணத்தை ஜூன் மாதத்துக்கு மாற்றுங்கள். மகனைத் தாராளமாக அழைத்துப் போகலாம், சில கட்டுப்பாடுகளோடு.

உங்கள் அப்பா கேட்டது நியாயமான கேள்வி. நம் ஊரில் விஷப் பாசி என்றால் ஏரியும் குளமும்தான் நினைவுக்கு வரும். தேங்கிய தண்ணீர் முழுக்கப் பச்சையாகத் திரிந்து, காற்று ஒதுக்கும் பக்கத்தில் ஏடு கட்டி நிற்கும். அந்த ரகம் தண்ணீரில் மிதந்தபடியே வாழ்வது. ஓடும் ஆற்றில் அதற்குப் பிழைப்பு கிடையாது, பெருகுவதற்குள் கடலுக்குப் போய்விடும். ஈல் ஆற்றில் நீங்கள் பார்த்தது கல்லைப் பிடித்துக்கொண்டு படலமாகப் படரும் ரகம். தண்ணீர் மேலே ஓடிக்கொண்டே இருக்கும், அது இருந்த இடத்தில் இருக்கும். அதன் நச்சும் பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே இருப்பதால், ஆற்றுத் தண்ணீரை மொண்டு சோதித்தால் பெரிதாக எதுவும் அகப்படாது. கசிகிற கொஞ்சத்தையும் ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். அந்த அளவில் அப்பா சொன்னது சரிதான். ஆனால் இந்த ஆற்றில் நாய்கள் பெரும்பாலும் தண்ணீரைக் குடித்துச் சாவதில்லை. படலத்தைத் தின்று சாகின்றன.

தண்ணீரின் தெளிவு உங்களுக்குத் தைரியம் கொடுத்திருக்கிறது. இந்தப் பாசிக்கு அதைவிட வசதியான ஏற்பாடு வேறில்லை. வெயில் அடியில் கிடக்கும் கல்வரை இறங்கினால்தான் அது ஒளிச்சேர்க்கை செய்ய முடியும். ஈல் ஆற்றை நீங்கள் கோடையில் மட்டும் பார்த்திருப்பீர்கள். குளிர்காலத்தில் அது கலங்கிச் சேறாகி, பாறைகளை உருட்டிக்கொண்டு வரும். 1964 டிசம்பர் வெள்ளத்தில் கரையோரச் சிற்றூர்கள் சில அப்படியே அழிந்தன. அந்த ஓட்டத்தில் எந்தப் படலமும் கல்லில் தங்காது. கோடையில் அங்கே மழை கிடையாது. ஜூலை, ஆகஸ்டில் ஆறு சுருங்கி, வெதுவெதுப்பான மடுக்களும் அவற்றுக்கிடையே மெல்லிய ஓடைகளுமாக ஆகிவிடும். தோட்டங்களுக்கும் கஞ்சாச் சாகுபடிக்கும் கிளையாறுகளிலிருந்து இழுக்கிற தண்ணீர் மிச்சத்தையும் குறைக்கிறது. வறட்சி ஆண்டுகளில் இன்னும் மோசம்.

கோடைத் தொடக்கத்தில் கற்களில் முதலில் வருவது கிளாடோஃபோரா என்ற பச்சைப்பாசி. நீண்ட பச்சை இழைகளாக ஓட்டத்தில் அசைந்துகொண்டிருக்கும். அது கெட்டதில்லை. அதன்மேல் டயட்டம் என்ற நுண்பாசிகள் குடியேறும், அவற்றைப் பூச்சிகளின் புழுக்கள் மேயும், புழுக்களைச் சால்மன், ஸ்டீல்ஹெட் குஞ்சுகள் தின்னும். கோடை முற்ற முற்ற அந்த இழைகள் சோர்ந்து அழுகத் தொடங்கும்போது, அவற்றின்மேல் அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசி (பெயர்தான் பாசி, உண்மையில் ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா) கரும்பச்சையாகப் படியும். தண்ணீர் கொஞ்சம் வேகமாக ஓடும் கற்களில் மைக்ரோகோலியஸ் என்ற இன்னொரு நீலப்பச்சைப் பாசி கறுப்பும் பழுப்புமாகப் படரும். பழைய கட்டுரைகளைத் தேடிப் படித்தால் இதையே ஃபார்மிடியம் என்று எழுதியிருப்பார்கள், குழம்ப வேண்டாம். இரண்டிலும் நச்சுள்ள வகை உண்டு. 'கறுப்புப் பாசி' என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் நாய் கவ்வியது மைக்ரோகோலியஸாக இருக்கலாம்.

கையுறை போட்டுக்கொண்டு அப்படி ஒரு கல்லைத் தூக்கிப் பாருங்கள். மேல்பக்கம் கரும்பழுப்பாக வழுக்கும். ஓரத்தை நெம்பினால் தோலாக உரிந்து வரும். அடிப்பக்கத்தில் பிடித்திருக்கும் நுண்ணிய வண்டல் விரலில் நெருடும். மோந்தால் மழை விழுந்த மண் வாசனையும் கொஞ்சம் பூஞ்சை வாடையும் வரும். மனிதருக்கு அது ஒன்றும் விசேஷமில்லை, நாய்களுக்கு அது அழைப்பு. ஒரு துணுக்கைக் கிள்ளி நுண்ணோக்கியில் வைத்தால், நீலப்பச்சை இழைகள் பல ஒரே உறைக்குள் கற்றையாகக் கிடந்து மெதுவாக முன்னும் பின்னும் நகர்வது தெரியும். இடையிடையே பொன்பழுப்பு நிறத்தில் டயட்டம்கள். இழைகள் சுரக்கும் சளியில் புள்ளி புள்ளியாகப் பாக்டீரியாக்கள். சாதாரணப் பாசி என்று நீங்கள் எழுதியது ஒற்றை உயிர் இல்லை, ஒரு குடியிருப்பு. அதில் யார் யார் இருக்கிறார்கள், யார் எதைத் தின்கிறார்கள் என்று பார்த்தால்தான் உங்கள் கேள்வி பாதி தீரும்.

பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கீத் பௌமா-கிரெக்சன், மேரி பவர், ஜில் பான்ஃபீல்ட் முதலானோர் இதற்காக ஈல் ஆற்றின் பல கிளைகளிலிருந்து 22 படலங்களை எடுத்து, அவற்றிலிருந்த மொத்த டி.என்.ஏ.வையும் படித்தார்கள். 2019-இல் முடிவுகள் வெளியாயின. ஒவ்வொரு நுண்ணுயிரையும் தனித்தனியே பிரித்து வளர்க்காமல், எல்லோருடைய மரபணுக்களையும் ஒருசேரப் படித்துவிட்டு, எது யாருடையது என்று கணினியில் பிரிக்கும் முறை இது. ஆய்வகத்தில் வளர மறுக்கும் நுண்ணுயிர்கள்தான் அதிகம் என்பதால் இந்தத் துறையில் இப்போது இதுவே பெருவழி. 22 படலங்களிலும் ஒன்றோ இரண்டோ நீலப்பச்சைப் பாசி இனங்கள்தான் கோலோச்சின. மற்ற பாக்டீரியாக்கள் அவற்றை அண்டிப் பிழைப்பவை.

அங்கே நடக்கும் வரவு செலவு சிக்கலானதில்லை. பாசி வெயிலில் சர்க்கரை செய்து ஆக்சிஜனை வெளியே விடுகிறது. அது சுரக்கும் சளி, செத்துப்போகும் செல்கள், கசியும் சத்து எல்லாவற்றையும் பாக்டீரியாக்கள் அந்த ஆக்சிஜனைக் கொண்டே எரித்துத் தின்கின்றன. அப்போது வெளிவரும் கரியமில வாயுவைப் பாசி மறுபடி பிடித்துக்கொள்கிறது. வெந்நீர் ஊற்றுகளிலும் உப்பளங்களிலும் வளரும் தடித்த படலங்களை அறிந்தவர்கள், அடியில் ஆக்சிஜனே இல்லாத ஓர் உலகம் இருக்கும், கந்தகத்தை வைத்து வாழும் பாக்டீரியாக்களும் மீத்தேன் செய்பவையும் இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். ஈல் படலங்களில் அப்படிப்பட்ட வாழ்க்கைக்கான தடயம் சொற்பமாகவே கிடைத்தது. ஒளிச்சேர்க்கை, பிறகு கிடைத்த கார்பனை ஆக்சிஜனால் எரிப்பது, இந்த இரண்டில்தான் முழுக் குடியிருப்பும் ஓடுகிறது. எனக்கு அந்த ஆய்வில் மிகவும் பிடித்த முடிவு இதுதான். அழுக்கும் அழுகலும் இருக்கும் இடத்தில்தான் விஷம் வரும் என்ற நம் நினைப்பை இது உடைக்கிறது. காற்றும் வெயிலும் ஓட்டமும் உள்ள, பார்க்க ஆரோக்கியமான இடத்திலேயே இது செழிக்கிறது.

அதற்காகப் படலத்துக்குள் எந்நேரமும் ஒரே நிலை என்று எண்ண வேண்டாம். பகலும் இரவும் அங்கே வெவ்வேறு ஊர்கள். இதைத் துல்லியமாக அளந்தது நியூசிலாந்தில். 2005 நவம்பரில் வெலிங்டன் பக்கத்து ஹட் ஆற்றில் குறைந்தது ஐந்து நாய்கள் மளமளவென்று செத்தபிறகு அந்த நாட்டில் இந்த ஆராய்ச்சி சூடுபிடித்தது. அங்குள்ள ஆராய்ச்சியாளர்களைக் குடைந்த கேள்வி இது. படலம் அடர்ந்து வளரும் ஆறுகள் பலவற்றில் கரைந்த பாஸ்பரஸ் மிகக் குறைவு, லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கும் கீழே. பாஸ்பரஸ் இல்லாமல் எந்த உயிரும் ஒரு செல்லைக்கூடக் கட்ட முடியாது. அப்படியிருக்க, ஆற்றுப்படுகை முழுக்கக் கறுப்பாகும் அளவுக்கு இது வளர்வது எப்படி?

சூசி வுட்டும் அவருடைய சக ஆராய்ச்சியாளர்களும் படலத்துக்குள்ளேயே அளந்து பார்த்தார்கள். பகலில் ஒளிச்சேர்க்கை கரியமில வாயுவை உறிஞ்சித் தள்ளுவதால், இழைகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் நீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 9-ஐத் தாண்டியது. இரவில் வெயில் இல்லை, எல்லோரும் மூச்சு மட்டும் விடுகிறார்கள். ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே சரிந்தது. முற்றாக இல்லாமல் போகவில்லை, ஆனால் வெளியே ஓடும் தண்ணீரைவிட மிகக் குறைவு. இந்த இரண்டு நிலைகளுமே ஒரு வேலையைச் செய்கின்றன: வண்டல் துகளில் இரும்போடு ஒட்டிக்கிடக்கும் பாஸ்பேட்டை அவிழ்த்துவிடுகின்றன. படலத்தின் உள்நீரில் கரைந்திருந்த பாஸ்பரஸ் வெளித்தண்ணீரைவிட 300 மடங்குக்கும் மேல் இருந்தது. விரலில் நெருடிய அந்த வண்டல்தான் அதன் உரக்கிடங்கு. ஆற்றுத் தண்ணீரில் சத்தில்லை என்று அறிக்கை வரும், கல்லின்மேல் இருக்கும் மெல்லிய தோலுக்குள் சத்து பொங்கி வழியும். ஈல் ஆறோ அமெரிக்காவிலேயே தன் பரப்பளவுக்கு மிக அதிகமாக வண்டல் சுமக்கும் ஆறுகளில் ஒன்று.

நைட்ரஜன் கதை கொஞ்சம் வேறு. அனபீனா காற்றிலுள்ள நைட்ரஜனைத் தானே பிடித்துக்கொள்ளும், மைக்ரோகோலியஸால் அது முடியாது. தண்ணீரில் வருவதை நம்பித்தான் இருக்கிறது. பெர்க்லி ஆய்வில் நச்சு மரபணு கொண்ட இனம், நைட்ரஜன் சற்று அதிகமுள்ள இடங்களில்தான் தென்பட்டது.

இனி விஷத்துக்கு வருகிறேன். இதன் பெயர் அனாடாக்சின்-ஏ. 1960-களில் கனடாவில் முதலில் அடையாளம் கண்டார்கள். சோதனை எலிகள் சாகும் வேகத்தைப் பார்த்து அதற்கு வைத்த முதல் பெயரே 'அதிவேக மரணக் காரணி'. நாம் பருப்பிலும் பாலிலும் சாப்பிடும் புரோலின் என்ற அமினோ அமிலத்திலிருந்து தொடங்கி, சில நொதிகள் வரிசையாக வேலை செய்து இதை உருவாக்குகின்றன. அந்த நொதிகளுக்கான மரபணுக்கள் ஒரே கொத்தாக இருக்கின்றன. நம் நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்ப அசிட்டைல்கோலின் என்ற பொருளை விடுகிறது. வேலை முடிந்ததும் ஒரு நொதி அதை உடனே உடைத்துவிடும், தசை தளரும். அனாடாக்சின் அசிட்டைல்கோலின் வேடம் போட்டுக்கொண்டு, தசையில் அதை வாங்கிக்கொள்ளும் இடமான அதே ஏற்பியில் உட்காரும். ஆனால் அந்த நொதியால் இதை உடைக்க முடியாது. தசைக்குக் கட்டளை நிற்கவே நிற்காது, கடைசியில் அது துவண்டு செயலற்றுப்போகும். மூச்சுத் தசையும் தசைதானே. தின்ற சில நிமிடங்களிலேயே, சில சமயம் ஒரு மணி நேரத்துக்குள், நாய் எச்சில் வடிக்கும், தள்ளாடும், நடுங்கும், வலிப்பு வரும், பிறகு மூச்சு நிற்கும். மாற்றுமருந்து கிடையாது. மருத்துவர் செய்யக்கூடியது செயற்கைச் சுவாசம் கொடுத்து, நச்சு உடலைவிட்டு நீங்கும்வரை உயிரைப் பிடித்துவைப்பதுதான்.

அப்படியானால் உங்கள் நாய் எப்படித் தப்பியது? அந்த 22 படலங்களில் மைக்ரோகோலியஸ் இனங்கள் நான்கு இருந்தன. அவற்றில் ஒன்றில் மட்டும்தான் அனாடாக்சின் மரபணுக் கொத்து இருந்தது. மற்ற மூன்றும் நிறத்திலோ வழவழப்பிலோ வாடையிலோ இதிலிருந்து வேறுபட்டுத் தெரியாது. நுண்ணோக்கியில் பார்த்தாலும் இது விஷம், இது இல்லை என்று சொல்ல முடியாது. நியூசிலாந்தில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டம் போட்டு அதற்குள் பல இடங்களில் மாதிரி எடுத்தார்கள். அந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே நச்சின் அளவு கல்லுக்குக் கல் தாறுமாறாக மாறியது. நச்சு செய்யும் வகையும் செய்யாத வகையும் ஒரே படலத்தில் கலந்தும் இருக்கும். எது எத்தனை பங்கு என்பதைப் பொறுத்தே மொத்த விஷம். போன வருடம் உங்கள் நாய் எடுத்தது ஒரு லாட்டரிச் சீட்டு. பரிசு விழவில்லை என்பதால் அடுத்த சீட்டுக்கும் விழாது என்று சொல்ல முடியுமா?

இங்கே ஒரு கூடுதல் செய்தி. நியூசிலாந்து, கலிஃபோர்னியா இரண்டு இடங்களின் மைக்ரோகோலியஸ் மரபணுத் தொகுதிகளையும் ஒப்பிட்டு 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. நச்சு செய்யும் வகைகளின் மரபணுத் தொகுதி சிறிதாகச் சுருங்கியிருந்தது. நச்சில்லாத வகைகளுக்குத் தாமே செய்துகொள்ளத் தெரிந்த சில வேலைகள் இவற்றுக்குத் தெரியாது. வைட்டமின் பி1-ஐக்கூட அக்கம்பக்கத்தாரிடமிருந்துதான் வாங்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு பயங்கரமான நச்சை வைத்திருப்பது, அன்றாடத் தேவைக்கு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறது. இதனால்தான் படலத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் பாசியை மட்டும் பார்த்தால் போதாது என்கிறோம்.

உங்கள் கணவரின் பொடிக்கு இந்த இடம் பொருத்தமானது. பெர்க்லி ஆய்வில் நச்சு மரபணு உள்ள படலங்களில் பர்க்ஹோல்டெரியேல்ஸ் என்ற பாக்டீரியாக் கூட்டம் தொடர்ந்து குறைவாகவே இருந்தது, நச்சில்லாத படலங்களில் அதிகம். இதைப் படித்ததும் வியாபாரிக்குத் தோன்றுவது 'அந்தப் பாக்டீரியாவைப் பொடியாக்கி விற்றால் என்ன?' என்பது. ஆனால் ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்று குறைவு என்பதற்கு மேல் அந்தத் தரவு எதுவும் சொல்லவில்லை. ஒன்று மற்றொன்றை விரட்டுகிறதா, இரண்டுக்கும் பிடித்த தண்ணீரே வேறு வேறா என்பது தனிக் கேள்வி. அது எப்படியிருந்தாலும், தன் சளிக்குள் அண்டையாரோடு சேர்ந்து வேரூன்றிய ஒரு குடியிருப்பின்மேல் ஓடும் தண்ணீரில் ஒரு கைப்பிடிப் பொடியைத் தூவினால், அது அடுத்த வளைவைத் தாண்டிப் போயிருக்கும். குளத்துக்கு விற்கும் செப்பு மருந்துகளைப் பற்றியும் யாராவது சொல்லக்கூடும். அது செல்லை உடைத்து உள்ளே இருக்கும் நச்சை ஒரேயடியாகத் தண்ணீரில் கொட்டும், மீன்குஞ்சுகளையும் கொல்லும். அனுமதியில்லாமல் ஆற்றில் எதையும் போடுவது சட்டப்படியும் தவறு. பொடி வேண்டாம்.

சோதனைப் பட்டையும் வேண்டாம். பட்டை பொய் சொல்லும் என்பதால் இல்லை. நீங்கள் கிள்ளிய கல்லைப் பற்றி மட்டும்தான் அது சொல்லும். பக்கத்துக் கல்லுக்கு அந்த முடிவு செல்லாது. ஆற்றுத் தண்ணீரை அதில் ஊற்றிப் பார்த்தால் இன்னும் ஏமாற்றம். ஆராய்ச்சியாளர்களே தண்ணீரை மொண்டு பார்ப்பதோடு நிற்காமல், நச்சை உறிஞ்சிவைக்கும் பிசின் பைகளை நாள்கணக்கில் ஆற்றில் தொங்கவிடுகிறார்கள். அப்படிச் செய்ததால்தான் ஈல் ஆற்றமைப்பில் அனாடாக்சின் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதே வெளியே தெரிந்தது.

பையன் விஷயத்துக்கு வருவதற்கு முன் கரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலகைகளில் இது சின்ன எழுத்தில்தான் இருக்கும். நல்ல வெயிலில் படலம் விடும் ஆக்சிஜன் முழுக்கத் தண்ணீரில் கரைந்து போய்விடாது. சளிக்குள் குமிழியாகத் தங்கும். இட்லி மாவு இரவில் பொங்கி மூடியைத் தூக்குமே, அப்படி, மதியத்துக்கு மேல் குமிழிகள் சேர்ந்து படலத்தையே கல்லிலிருந்து பெயர்த்துத் தூக்கிவிடும். பெயர்ந்த துண்டு மிதந்து, ஓட்டம் மெதுவான இடத்தில் கரை ஒதுங்கும். ஆழத்தில் கல்லோடு இருந்தவரை நாய்க்கும் குழந்தைக்கும் எட்டாமல் இருந்தது, இப்போது கணுக்கால் அளவுத் தண்ணீரில் வந்து குவிந்துவிட்டது. தண்ணீர் இன்னும் வற்றினால் அங்கேயே மணலில் காய்ந்து சுருண்டு கிடக்கும். காய்ந்ததும் ஆபத்துதான். ஆகவே ஆற்றில் நடுவே எட்டிப் பார்த்துவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று வராதீர்கள். ஓரத்தில், உங்கள் பையன் மணல்வீடு கட்டப்போகும் அந்த இடத்தில் பாருங்கள். நியூசிலாந்து 2009 வழிகாட்டியில்கூட, படுகையில் 50 சதவீதத்துக்கு மேல் படலம் மூடியிருந்தால்தான் உச்ச எச்சரிக்கை என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஆனால் பெயர்ந்து கரையில் ஒதுங்கத் தொடங்கிவிட்டால் அதற்குக் குறைவாக மூடியிருந்தாலும் அதே எச்சரிக்கைதான்.

பையன் குளிக்கலாம். தண்ணீர் ஓடும், அடியில் வெறும் கல்லோ மணலோ தெரியும் இடமாகப் பார்த்து இறக்குங்கள். கரும்பழுப்புத் தோலோ மிதக்கும் பச்சைக் கட்டிகளோ இருந்தால் அந்த இடம் வேண்டாம், நடந்து வேறு இடம் தேடுங்கள். நாலு வயதுக் குழந்தை எதையும் வாயில் வைக்கும், அதனால் கூழாங்கல் பொறுக்கும்போது யாராவது கூடவே இருக்கட்டும். ஏறியதும் நல்ல தண்ணீரில் கையைக் கழுவிவிட்டுத்தான் முறுக்கு டப்பாவைத் திறக்க வேண்டும். சமைக்கவும் குடிக்கவும் ஆற்றுத் தண்ணீர் கூடாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், இந்த நச்சு போகாது. முகாமுக்கு விற்கும் சாதாரண வடிகட்டிகளை இதற்கு நம்ப வேண்டாம். அப்பாவுக்கு ஆற்றில் முங்கிக் குளிக்க ஆசை இருக்கும், ஆழமான சுத்தமான இடத்தில் தாராளமாகக் குளிக்கட்டும். வாய் கொப்பளிக்க மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். மீன் பிடித்தால் குடலை முழுக்க எடுத்துவிட்டு, சதையைக் குழாய்த் தண்ணீரில் கழுவிச் சமையுங்கள்.

ஜூனில் நாயோடு போனாலும் கயிற்றில் பிடித்தே வைத்திருங்கள். அந்த மாதத்தில் ஓட்டம் கொஞ்சம் பலமாக இருக்கும், பச்சை இழைகள்தான் அதிகம் தெரியும், கறுப்புப் படலம் பொதுவாகக் குறைவு. ஆனால் மழை குறைந்த ஆண்டில் எல்லாமே முன்கூட்டி வரும். நாய்க்குத் தனியாகக் கிண்ணமும் தண்ணீரும் எடுத்துப் போங்கள். படலத்தைத் தொட்டிருந்தால் அது தன் ரோமத்தை நக்குவதற்குள், கையுறை போட்டுக்கொண்டு நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். கவ்வி விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, எச்சில் வடிகிறதா, தள்ளாடுகிறதா என்று காத்துப் பார்க்காமல் வண்டியை எடுங்கள். அந்தப் பள்ளத்தாக்கில் பல இடங்களில் செல்போன் எடுக்காது. எனவே கார்பர்வில், ஃபோர்ட்யூனா, யூக்கியா போன்ற ஊர்களில் அவசரத்துக்குப் பார்க்கும் கால்நடை மருத்துவர் யார், ஞாயிற்றுக்கிழமை திறந்திருப்பாரா என்பதைக் கிளம்பும் முன்பே விசாரித்துத் தாளில் எழுதி வண்டியில் வையுங்கள்.

போகிற வாரத்தில் மாநில நீர்வளக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நச்சுப் பாசி வரைபடத்தை இணையத்தில் ஒருமுறை பாருங்கள். அங்கே புகார் எதுவும் இல்லை என்றால் யாரும் இன்னும் சொல்லவில்லை என்றும் அர்த்தம் இருக்கலாம். கரையில் சந்தேகமான படலத்தைப் பார்த்தால் இடத்தைக் குறித்துக்கொண்டு, கிட்டத்தில் ஒன்றும் தூரத்தில் ஒன்றுமாகப் படம் எடுத்து அதே தளத்தில் பதிவிடுங்கள். அடுத்த பலகையை எங்கே நடுவது என்று தீர்மானிக்கும்போது அப்படி வரும் படங்களையும் பார்க்கிறார்கள்.